கண்ணகை பெயருக்கு எழுதிய துண்டு

அத்தியாயம் 11

12.08.1997, செவ்வாய்க்கிழமை.

இன்று ஒரு சிறு பிழை விட்டேன். புஸ்பத்துக்குப் போட வேண்டிய ஊசி மருந்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வார்ட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டேன்.

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. தாதியர் அறையின் ஒற்றை மேசையில், லாந்தர் வெளிச்சத்தில், கண்ணகை அந்த வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அன்று விட்ட பிழையை நாட்குறிப்பில் முதலில் எழுதுவது, நாளைக்குச் செய்ய வேண்டியதைக் கடைசியில் எழுதுவது. மாலை வகுப்புக்குப் போன காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. இந்தப் பிழையை எழுதுவது எளிது. இதைத் திருத்தப் போன இடத்தில் விட்ட இன்னொன்று இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது?

காலையில் இருந்து நடந்ததை ஒழுங்காக நினைத்துப் பார்த்தாள்.

காலையில் பாமினிக்குக் காய்ச்சல் தணியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இலேசாகத் தொடங்கியது, இன்று தொட்ட கை சுட்டது. வீட்டில் இருந்த பனடோல் பாணிப் போத்தலைக் கவிழ்த்துத் தட்டியும் ஒரு சொட்டு விழவில்லை.

"புள்ள அனலாக் கொதிக்கிறாள். நீ வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுறாய்," என்றான் வினாயகமூர்த்தி. அவன் வட்டைக்குப் போகவென்று சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். வெட்டிய கதிர் வயலில் கிடந்தது.

"இண்டைக்கு நான் போகாட்டி வார்ட்ல ஆருமில்ல. ஸஹீதாவுக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் டியூட்டி."

"ஊருக்கெல்லாம் நீ மிஸ்ஸி. என்ட புள்ளைக்கு ஆரு மிஸ்ஸி?"

இந்தக் கேள்வி புதிதல்ல. படுவான்கரையில் இருக்கும் சின்ன மருந்துச்சாலைக்கு மாற்றம் கேட்டு அவள் எழுதிக் கொடுத்து மாதங்கள் ஆகியும் பதில் வரவில்லை. அறுவடை முடியட்டும், அதற்குள் மாற்றம் வராவிட்டால் வேலையை விட்டுவிடு என்று போன கிழமைதான் அவன் முடிவாகச் சொல்லியிருந்தான். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"வரக்குள்ள பாணி கொண்டாறன். அதுமட்டும் ஈரத்துணி போடுங்க. நெத்தியில மட்டும் வச்சாக் காணா, கக்கத்திலயும் வைங்க," என்றாள்.

வினாயகமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்து இறக்கிவிட்டான். அவன் வயலுக்குப் போகமாட்டான் என்பதற்கு அதுவே அடையாளம்.

பாயில் கிடந்த பாமினி கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, பாதையை மூடினா நீ எப்பிடி வருவாய்?"

"மூட முதல் வந்திருவன் மனே."

வாவியைக் கடக்கும் அந்த மிதவையை ஊரார் பாதை என்றுதான் சொல்வார்கள். வீடு இருக்கும் படுவான்கரையில் இயக்கம். ஆஸ்பத்திரி இருக்கும் எழுவான்கரையில் ஆமி. எழுவான்கரைத் துறையில் மண்மூட்டை அடுக்கிய காவலரண். அவர்கள் திறந்தால் பாதை ஓடும், மூடினால் நிற்கும். ஏன் மூடினீர்கள் என்று கேட்க இரண்டு கரையிலும் ஆளில்லை.

*

வார்ட்டில் அன்று கண்ணகைக்கு மனம் முழுவதும் ஒரே ஒரு கட்டிலில்தான் இருந்தது.

புஸ்பத்துக்கு இருபது வயதும் இராது. முதற்பிள்ளை. வலி கண்ட இரவில் பாதை ஓடாததால் வீட்டிலேயே பெற்றாள். பிறகு காய்ச்சலும் நடுங்கும் குலைப்பனுமாக இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பென்சிலின் ஏறத் தொடங்கிய பிறகுதான் அவள் கண் திறந்து பிள்ளையைக் கேட்டாள்.

பட்டணத்தில் இருந்து வரவேண்டிய மருந்து லொறி வீதியில் எங்கேயோ மறிபட்டு நின்றது. நாளைக்கு வரும் என்றார்கள். அலுமாரியில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு குப்பி.

"இதைத் தவற விடவேண்டாம் மிஸ்ஸி," என்று டொக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். "இப்ப விட்டா, காய்ச்சல் முந்தினதை விட மோசமாத் திரும்பும்."

மருந்துக்குத் தட்டுப்பாடு வரத் தொடங்கியதில் இருந்து வார்ட்டில் ஒரு நடைமுறை வைத்திருந்தார்கள். அலுமாரியைத் திறந்து குப்பியை எடுத்த கையோடு, கட்டில் அட்டையில் 'போட்டாயிற்று' என்று குறி இட்டுவிட வேண்டும். ஒரு நோயாளிக்கென்று வைத்ததை இன்னொருவர் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதை முதலில் சொன்னவளே கண்ணகைதான்.

இன்றும் அப்படியே செய்தாள். குப்பியை எடுத்தாள், குறி இட்டாள், ஊசியை எடுக்கத் திரும்பினாள்.

"ஏ கண்ணகை! இஞ்ச வாகா!"

வாசலில் ஆச்சிப்பிள்ளை நின்றாள். பக்கத்து வளவுக்காரி, கணவனை இழந்தவள். எருமைத் தயிர்ச்சட்டிகளைக் கடகத்தில் அடுக்கிக்கொண்டு அக்கரையில் இருந்து விடியப் புறப்பட்டு வருவாள், விற்றுவிட்டுக் கடைசிப் பாதையில் திரும்புவாள். அவள் வாய் மூடி யாரும் கண்டதில்லை. காவலரணில் ஆமிக்காரர் மகனைப் பற்றிக் கேட்கும்போது கூட, "அவன் போன இடம் தெரிஞ்சா நானும் போயிருப்பனே, இந்தச் சட்டியைத் தூக்கி ஏன் அலையிறன்?" என்று சொல்லிவிட்டு நடப்பாள். மகன் வீட்டை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

இன்று அவள் முகத்தில் அந்தத் துடுக்கு இல்லை.

"நான் இண்டைக்குப் பிந்தித்தான் பாதை ஏறினன். ஏறக்குள்ள உன்ட மனிசன் ஓடி வந்தார். புள்ளைக்கு ஒருக்கா உதறினதாம். கண் மேல போய் வந்ததாம். நீ சுறுக்கா வரட்டாம்."

கண்ணகையின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. குப்பி அதற்குள் விழுந்தது. அதை அவள் அறியவில்லை.

காய்ச்சல் கூடினால் பிள்ளைகளுக்கு வலிப்பு வந்து உதறும், அநேகமாகத் தானாக நின்றுவிடும். எத்தனையோ தாய்மாருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். அது ஒன்றும் இப்போது அவளுக்கு நினைவு வரவில்லை. டொக்டரின் அறைக்கு ஓடினாள். அவர் பட்டணத்துக் கூட்டமொன்றுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே துண்டு எழுதித் தந்தார். துண்டு இல்லாமல் எந்த மருந்தும் துறையைத் தாண்டாது. என்ன மருந்து, எத்தனை போத்தல், யார் கொண்டுபோவது என்று ஆங்கிலத்தில் எழுதி, முத்திரை குத்தியிருக்க வேண்டும். அவர் எழுதினார்: ஒரு போத்தல் பனடோல் பாணி, கொண்டு செல்பவர் தாதி கண்ணகை வினாயகமூர்த்தி.

மருந்தறையில் பாணிப் போத்தலை வாங்கிக்கொண்டு வார்ட்டுக்குத் திரும்பி வந்தபோது ஸஹீதா வந்துவிட்டாள். வழியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி ஏற்றியதில் அவளுக்கும் முகம் வெளிறிக் கிடந்தது.

"புஸ்பத்துக்கு?" என்று கேட்டாள் ஸஹீதா.

கண்ணகை அட்டையைப் பார்த்தாள். குறி இருந்தது. "போட்டாச்சு," என்றாள்.

*

துறையில் வரிசை நீண்டு நின்றது. கச்சான் காற்று வாவியின் மேலால் அனலை வாரிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. முகம் துடைக்கச் சட்டைப்பையில் இருந்த கைலேஞ்சியை எடுக்கக் கை விட்டவள் அப்படியே நின்றாள்.

விரலில் கண்ணாடி தட்டுப்பட்டது.

குப்பி. தகர மூடி உடையாத குப்பி.

அவளுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். அதற்கு முன்னால் மேசை. மேசையில் ஒரு ஆமிக்காரன் பைகளைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். துண்டு இல்லாமல், அதுவும் பென்சிலின், படுவான்கரைக்கு. காயப்பட்ட இயக்கத்துக்காரருக்குக் கொண்டுபோகிறாள் என்றுதான் எழுதுவார்கள். போன மாதம் பஞ்சுச் சுருளோடு பிடிபட்ட ஒருவரை இன்னும் யாரும் காணவில்லை.

"என்னகா, பேயைக் கண்ட மாதிரி முழிக்கிறாய்?" என்றாள் பின்னால் நின்ற ஆச்சிப்பிள்ளை.

கண்ணகை உதடு அசையாமல் சொன்னாள்.

ஆச்சிப்பிள்ளை கடகத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "நாணல் பக்கமாப் போய்க் கால் கழுவுற மாதிரி எறிஞ்சுபோட்டு வா. மீன் குடிச்சிட்டுப் போகட்டும்."

"அது கடைசிக் குப்பி."

"அந்தப் புள்ளைப்பெத்தவளுக்கா?"

"ஓம். நான் போட்டாச்செண்டு சொல்லிட்டு வந்திட்டன். ஸஹீதா திரும்பிப் பார்க்கமாட்டா."

"ஆருக்குத் தெரியப்போகுது?"

யாருக்கும் தெரியப்போவதில்லை. குறி இருக்கிறது. காய்ச்சல் திரும்பினால் மருந்து பிடிக்கவில்லை என்பார்கள். கண்ணகை வாவியைப் பார்த்தாள். நான்கு எட்டு வைத்தால் தண்ணீர். அக்கரையில் தென்னைகள் தெரிந்தன. அந்தத் தென்னைகளுக்குப் பின்னால் பாமினி கிடக்கிறாள். கண் மேலே போன பிள்ளை.

புஸ்பம் காலையில் கேட்டது நினைவு வந்தது. பால் குடுக்கலாமா மிஸ்ஸி, என்ட காய்ச்சல் புள்ளைக்கு ஒட்டாதா?

"ஆச்சியக்கா, இந்தப் பாணியை நீ கொண்டுபோய் அவருக்கிட்டக் குடு," என்றாள் கண்ணகை. போத்தலையும் துண்டையும் சேர்த்தே எடுத்துக் கொடுத்தாள். "காய்ச்சல் கூடினா ஒரு கரண்டி எண்டு சொல்லு. நான் இதைப் போட்டுட்டுக் கடைசிப் பாதைக்கு ஓடி வந்திருவன்."

"வந்திரு. இல்லாட்டி உன்ட மனிசன்ட பேச்சை நான்தான் கேட்கவேணும். எனக்கு வேற வேலையில்ல பாரு." ஆச்சிப்பிள்ளை போத்தலைச் சட்டிகளுக்கு நடுவே வைத்து, துணியால் மூடினாள்.

கண்ணகை வரிசையை விட்டு விலகினாள்.

அப்படி விலகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். துறைக்கு வருகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சோதனைக்கு நின்றவர் திரும்பி நடந்தால் அவரிடம் ஏதோ இருக்கிறது.

"ஏய்! மிஸ்ஸி! எங்க போறது?"

முகப்பரு மாறாத ஒருவன். துப்பாக்கியைத் தோளில் இருந்து இறக்கிக்கொண்டு வந்தான். கண்ணகையின் வலது கை சட்டைப்பையை விட்டு வரமாட்டேன் என்றது. இடது கையால் கைப்பைக்குள் துழாவினாள். வீட்டுப் பெட்டகத்தைப் பூட்டும் திறப்பு அகப்பட்டது. அதை நீட்டினாள்.

"வார்ட் திறப்பு. கொண்டுவந்திட்டன். குடுத்திட்டு வாறன்."

அவன் திறப்பைப் பார்த்தான். அவளுடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். சட்டைப்பையையும் பார்த்தான் என்று அவளுக்குப் பட்டது.

"ஐசி," என்றான்.

அடையாள அட்டையைக் கொடுத்தாள். அவன் அதைத் தன் மார்புப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினான்.

"இது இங்க. வந்து எடு. போ."

*

அடையாள அட்டை இல்லாமல் வீதியில் நடப்பது என்றால் என்ன என்று அவளுக்கு அன்றுதான் விளங்கியது. பின்னால் கேட்ட ஒவ்வொரு வாகனமும் தன்னை ஏற்றத்தான் வருகிறது என்று தோன்றியது. ஒரு ட்ரக் வந்தது. வேலியோடு வேலியாக ஒதுங்கி நின்றாள். ட்ரக்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள். போய்விட்டார்கள். புழுதி அடங்கிய பிறகே அவள் நடந்தாள்.

ஸஹீதா அவளைக் கண்டதும் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டாள்.

"என்ன கண்ணகை, போகல்லையா?"

குப்பியை எடுத்துக் காட்டினாள்.

"அல்லாஹ்! நான் குறி கிடக்கெண்டு விட்டுட்டனே." ஸஹீதா ஊசியை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் கலக்கும்போது குப்பியைத் தான் பிடித்துக்கொண்டாள்.

புஸ்பத்தின் கன்னம் மீண்டும் சிவந்திருந்தது. மருந்து உள்ளே இறங்கியபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்கட புள்ளைக்குச் சுகமில்லையெண்டு அந்தத் தயிர்க்கார அம்மா சொன்னா. நீங்க இன்னும் போகல்லையா மிஸ்ஸி?" என்றாள்.

"போறன்," என்றாள் கண்ணகை.

கை கழுவும்போது ஸஹீதா பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கும் இண்டைக்கு ஊருக்குப் போக ஏலா. பஸ் இல்ல. என்ட மகன் இப்ப என்னைக் கண்டா எங்கட உம்மாட பின்னால போய் ஒளியிறான். ஆரோ பொம்புளை ஊசி போட வந்திட்டாவெண்டு நினைக்கிறான் போல." சிரிக்கத்தான் சொன்னாள். சிரிப்பு வரவில்லை. "நீ ஓடு. கடைசிப் பாதை இருக்கு."

கண்ணகை கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அப்போதுதான் வல்லிபுரத்தின் சைக்கிள் வளவுக்குள் வந்து சரிந்தது. வார்ட்டில் எடுபிடி வேலை செய்பவர் அவர். வேலை முடிந்து துறை வழியாக வீட்டுக்குப் போனவர், வியர்த்துக் கொட்டத் திரும்பி வந்திருந்தார்.

"போகாதீங்க மிஸ்ஸி. துறையை மூடிட்டானுகள்."

"நேரமிருக்கே!"

"நேரத்துக்கு முன்னமே மூடிட்டானுகள். ஆச்சிப்பிள்ளையைப் புடிச்சு வச்சிருக்கானுகள்."

"என்னத்துக்கு?" என்றாள் கண்ணகை.

"கடகத்தைக் கிண்டினவனுகள். ஒரு மருந்துப் போத்தல் கிடந்திரிக்கு. துண்டும் கிடந்ததாம். துண்டு இங்கிலீசில. அங்க நிண்டவனுகளுக்கு வாசிக்கத் தெரியா. உன்ட பேரா இதெண்டு கேட்டிருக்கான். அவ ஒண்டும் சொல்லல்ல."

"ஒண்டும் சொல்லல்லையா?"

"ஆரு தந்ததெண்டும் கேட்டான். அதுக்கும் இல்ல. நான் என்ட கண்ணால கண்டன் மிஸ்ஸி. மண்மூட்டைக்கிட்டக் குந்தியிருக்கா, சட்டி உடைஞ்ச மாதிரி. அந்த வாய் மூடிக் கிடக்கு." வல்லிபுரம் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "மகன்ட கதையும் அவனுகளுக்குத் தெரியும்தானே. காலையில அவனுகள்ட பெரியவர் வருவாராம். அவர் வாசிப்பாராம். அதுமட்டும் வச்சிருக்கப்போறானுகள்."

துண்டு. கண்ணகைக்கு அப்போதுதான் உறைத்தது. கொண்டு செல்பவர் என்று அவளுடைய பெயரை எழுதிய துண்டு. இன்னொருத்தியின் கையில் கொடுத்தால் அது துண்டே அல்ல. துண்டு இல்லாததை விட மோசம், திருடின துண்டு என்பார்கள். தாதி அவள். எத்தனை பேருக்கு அந்தத் துண்டுகளை வாங்கிக் கொடுத்தவள், உங்கட பேர் சரியா இருக்கா பாருங்க என்று எத்தனை தரம் சொன்னவள்.

அதோடு அவளுடைய அடையாள அட்டையும் அங்கேதான் இருக்கிறது, முகப்பருக்காரனின் மார்புப் பையில். பெரியவர் துண்டை வாசித்தால் அட்டையையும் வாசிப்பார். இரண்டிலும் ஒரே பெயர்.

"நான் இப்பவே போறன்," என்றாள்.

ஸஹீதா அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். "ஐசி இல்லாம, இந்த நேரத்தில? ஊரடங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் கிடக்கு. வழியிலயே சுடுவானுகள்கா. டொக்டர் நாளைக்கு வந்திருவார், அவர் போய்க் கதைக்கட்டும்."

"டொக்டர் மத்தியானம்தான் வருவார். பெரியவர் விடியவே வந்திருவார்."

"அப்ப உன்ட புள்ள? உன்னையும் புடிச்சு வச்சா?"

கண்ணகை ஆஸ்பத்திரியின் பின்வேலிக்குப் போனாள். வேலிக்கு அப்பால் தென்னைகளும், தென்னைகளின் இடையே வாவியும். வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பாதை அக்கரையில் அசையாமல் கட்டிக் கிடந்தது. துறையில் வினாயகமூர்த்தி நிற்பான். பாதையில் இருந்து யாரும் இறங்கவில்லை என்று கண்டிருப்பான். அவளையும் காணவில்லை, ஆச்சிப்பிள்ளையையும் காணவில்லை, மருந்தையும் காணவில்லை. காய்ச்சல் இரவில்தான் கூடும். ஈரத்துணியைக் கக்கத்திலும் வைக்கச் சொன்னது நினைவிருக்குமா? மறுபடி உதறினால் ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்லவில்லையே. காலையில் அதைச் சொல்லியிருக்கலாம். கோபத்தில் விட்டுவிட்டாள்.

எவ்வளவு தூரம் என்று பார்த்தால், கூப்பிட்டால் கேட்காத தூரம், அவ்வளவுதான்.

இருட்டுப் பட்டதும் ஸஹீதா லாந்தரைக் கொளுத்தித் தாதியர் அறையில் வைத்தாள். "புஸ்பத்துக்கு வேர்க்குது. சூடு இறங்குது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதைக் கேட்டபோது கண்ணகைக்கு மகிழ்ச்சி வரவேண்டும். வந்ததும்தான். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுத்துக்கொண்டு ஒருத்தி மண்மூட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறாள்.

அவள் பேனாவைத் திறந்தாள். பாதியில் நின்ற குறிப்பின் கீழே, கோணாமல், ஒரு வார்ட் அறிக்கை எழுதுவதைப் போல எழுதினாள்:

இரண்டாவது பிழை: என் பெயருக்கு எழுதிய துண்டை ஆச்சிப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

நாளை: ஊரடங்கு எடுத்ததும், பெரியவர் வருமுன், யூனிபோமோடு துறைக்குப் போக வேண்டும். போத்தல் என்னுடையது என்று சொல்ல வேண்டும்.